எண்பது மணி நேரச் சான்று

மே 9

தம்பிக்கு,

நீ திருப்பி அனுப்பிய படிவத்தை உனக்கே திருப்பி அனுப்புகிறேன். ஓரத்தில் பென்சிலால் ‘சரிபார்க்கவும்’ என்று எழுதியிருந்தாய். சரிபார்த்தேன். மேலிருந்து கீழே ஒருமுறை, கீழிருந்து மேலே ஒருமுறை கூட்டினேன். அறுபத்தைந்து மணி இருபது நிமிடம்தான் வருகிறது.

பள்ளிக்கூடம் முடிக்கிற ஒவ்வொரு பிள்ளையும் ஒரு வேலையிடத்தில் எண்பது மணி நேரம் இருந்து சான்று வாங்க வேண்டும், அது இல்லாமல் கல்லூரியில் இடம் இல்லை என்று கல்வி ஆபீசில் இருந்துகொண்டு மாவட்டம் முழுக்கச் சட்டம் போட்டவன் நீ. ‘கல்லூரிக்கும் வேலைக்கும் தயார்’ என்று எங்கள் மருத்துவமனைச் சுவரில்கூட உன் ஆபீஸ் சுவரொட்டி ஒட்டியிருக்கிறது. நல்ல சட்டம் என்று நான்தான் முதலில் சொன்னேன். உன் மகளையே என் அறைக்கு அனுப்புகிறேன் என்றபோதும் சந்தோஷப்பட்டேன். அதற்காக நடக்காத மணி நேரத்தை நடந்ததாக எழுத முடியாது.

அறுவை சிகிச்சைக் கருவிகளைக் கழுவி, அடுக்கி, நீராவியில் வைத்து எடுக்கிற அறை இது. இங்கே ஒவ்வொரு டிரேயின் மேலும் ஒரு லேபிள் ஒட்டுவோம். அடுக்கியவர் மட்டும்தான் அதில் கையெழுத்துப் போடுவார். பக்கத்தில் நின்றவர் போடமாட்டார். முப்பத்தொரு வருஷமாக இதுதான் வழக்கம். பாப்பாவின் படிவமும் எனக்கு ஒரு லேபிள்தான்.

போன் செய்யாதே. போனில் சொன்னதை மறுநாள் இல்லை என்பாய். இரண்டு ஆபீசுக்கும் நடுவே தினமும் தபால் பை போகிறது. எழுது.

அக்கா


மே 12

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். நீங்கள் படிவத்தை மறுபடி அனுப்பியதைப் பார்த்து என் உதவியாளர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

விஷயத்தை நேராகச் சொல்கிறேன். பாப்பாவுக்கு மருந்தியல் கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது. நிபந்தனையோடு. சான்றில் எங்கள் ஆபீஸ் தேதி முத்திரை மே 31-ஆம் தேதிக்குள் விழுந்திருக்க வேண்டும். இல்லையென்றால் அந்த இடம் பட்டியலில் அடுத்த பிள்ளைக்குப் போய்விடும். அவள் மூன்று வருஷம் படித்ததற்குக் கிடைத்த இடம் அது.

நாளைக்கு நாலு மணி நேரம், இருபது நாள். அவள் இருபது நாளும் வந்தாள். ஒருநாள்கூட விடுப்பு இல்லை. அப்படியிருக்க அறுபத்தைந்து எப்படி வரும்? நீங்கள் எதையெதையோ கழித்திருக்கிறீர்கள். கை கழுவுகிற நேரம், கவுன் மாட்டுகிற நேரம் எல்லாவற்றையும் நாளுக்கு இருபது நிமிடம் என்று வெட்டியிருக்கிறீர்கள். விதியில் தெளிவாக இருக்கிறது: வளாகத்துக்குள் நுழைந்ததிலிருந்து வெளியேறும்வரை. அதை எழுதியவன் நான்.

இதுவரை நானூற்றுப் பன்னிரண்டு படிவம் வந்திருக்கிறது. எல்லாம் எண்பது. என் மகளுடையது மட்டும் குறைந்தால் ஆபீசில் என்ன பேசுவார்கள் என்று நினைத்துப் பாருங்கள்.

தயவுசெய்து திருத்தி அனுப்புங்கள்.

தம்பி


மே 14

தம்பிக்கு,

திடீரென்று ‘நீங்கள்’ என்கிறாய். கோபம் வந்தால்தான் உனக்கு மரியாதை வரும். சின்ன வயசிலிருந்தே அப்படித்தான்.

நானூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகளும் சரியாக எண்பது மணி நேரம் வேலை செய்தார்களா? ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் வரவில்லையா? ஒரு பஸ் தாமதமாகவில்லையா? ஒரு பிள்ளையாவது வேலை பிடித்துப்போய் எண்பத்தொன்று வரை நின்றுவிடவில்லையா? என் அறையில் நானூறு டிரேயில் ஒரே மாதிரிக் கணக்கு வந்தால், யாரும் எண்ணவில்லை என்று அர்த்தம். நீ அதைப் பார்த்துவிட்டு உன் அக்காவின் படிவத்தில் பென்சில் வைத்தாய்.

கை கழுவுவது வேலை இல்லை. கழுவாதவர் இன்னும் அறைக்குள் வரவில்லை, அவ்வளவுதான். விதியை எழுதியவன் நீயாக இருக்கலாம், ஆனால் அந்தக் கதவுக்கு வெளியே எது நடந்தாலும் என் கணக்கில் வராது.

அது போகட்டும். நீ எழுதாமல் விட்டதை நான் எழுதுகிறேன். ஏப்ரல் 8, 10, 15, 17. இந்த நாலு நாளும் மாலை நாலு மணிக்கு நீ காரில் வந்து கீழே நின்றாய். நுழைவுத்தேர்வு வகுப்புக்கு நேரமாகிறது என்று அவளைக் கூப்பிட்டுக்கொண்டு போனாய். ஆறு மணிவரை இருக்க வேண்டியவள். நாளுக்கு இரண்டு மணி நேரம், நாலு நாளில் எட்டு. அவள் கவுனைக் கழற்றும்போது முகம் செத்துப்போயிருந்தது. அடுக்கிக்கொண்டிருந்த டிரேயைப் பாதியில் விட்டுப் போனாள். நான் பிரித்து மறுபடி அடுக்கினேன்.

கல்லூரிக்கும் தயார், வேலைக்கும் தயார் என்று எழுதி ஒட்டுகிறவன், இரண்டையும் ஒரே நேரத்தில் வைத்தால் பிள்ளை எதை விடும் என்று யோசித்தாயா?

அக்கா


மே 17

அக்கா,

‘நீங்கள்’ என்றால் கிண்டல் செய்கிறாய். சரி, நீ.

ஆமாம், கூட்டிக்கொண்டு போனேன். நாலு நாள். அந்த வகுப்பு இல்லாவிட்டால் அவளுக்கு இந்த இடமே கிடைத்திருக்காது. ஒரு அப்பா செய்ய வேண்டியதைச் செய்தேன். அதைத் தேதி போட்டு எழுதி வைத்திருக்கிறாய். நான் கல்லூரியில் படித்தபோது வீட்டுக்கு வந்த நேரத்தையெல்லாம் காலண்டரில் குறித்து வைத்தவள்தானே நீ. ஒன்பது பத்து, ஒன்பது இருபத்தைந்து என்று. வருஷம் முடிந்தும் அந்தக் காலண்டரை நீ கழற்றவில்லை.

நான் விதியை உடைக்கச் சொல்லவில்லை. எல்லோரும் செய்கிறபடி ஒரு எண்ணை எழுது என்கிறேன். நீ யாருக்கு என்ன நிரூபிக்கப் பார்க்கிறாய்? எழுதிவிடக் கூடாது என்றுதான் இத்தனை நாள் இருந்தேன், எழுதிவிடுகிறேன்: நீ படிக்காமல் போனதற்கு என் பெண் என்ன செய்வாள்?

எட்டு மணி நேரம்தான் குறை என்றால் இன்னும் இரண்டு நாள் அனுப்பு என்பாய். அனுப்பமாட்டேன். இனி பாப்பா உன் அறைக்கு வரமாட்டாள், உன்னோடு பேசவும் மாட்டாள். உனக்கு மேலே ஒரு கண்காணிப்பாளர் இருக்கிறார். நான் அவரைப் பார்த்துக்கொள்கிறேன்.

தம்பி


மே 21

தம்பிக்கு,

பேசமாட்டாள் என்றாய். முந்தாநாள் பேசினாள். பள்ளிக்கூட ஆபீஸ் போனிலிருந்து. அவளைத் திட்டாதே, உன் கடிதத்தில் இருந்தது அவளுக்குத் தெரியாது, நானும் சொல்லவில்லை.

கை கழுவுகிற கணக்கை மட்டும் கேட்டாள். நான் உனக்குச் சொன்னதையே அவளுக்கும் சொன்னேன். அப்புறம், “கை கழுவுறது வேலை இல்லன்னா, முதல் வாரம் முழுக்க அதையே ஏன் அத்தை திரும்பத் திரும்பச் செய்ய வெச்சீங்க?” என்றாள்.

அந்த முதல் வாரத்தில் ஒருநாள் நகத்தடியில் பிரஷ் சரியாகப் போகவில்லை என்று ஆறு தடவை திருப்பி அனுப்பியிருந்தேன். விரல் நுனி சிவந்து போச்சு என்று காட்டினாள். ஏழாவது தடவை போ என்றேன். அதை வேலை இல்லை என்று எழுதியவளும் நான்தான்.

தப்பு என்னுடையது. நாளுக்கு இருபது நிமிடம், இருபது நாள், ஆறு மணி நாற்பது நிமிடத்தைச் சேர்த்துவிட்டேன். பழைய எண்ணை ஒரே கோடாக அடித்து, பக்கத்தில் கையெழுத்தும் தேதியும் போட்டிருக்கிறேன். இப்போது எழுபத்திரண்டு மணி. இதற்கு நான் உன்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்க வேண்டியது அவளிடம், போனிலேயே கேட்டுவிட்டேன்.

மீதி எட்டு உன்னுடையது. அதில் என் பேனா படாது.

படிக்காதவள் என்றாய். எழுபது வருஷத்துக்கு முந்தைய கதை இல்லை, என் வயசே ஐம்பத்தொன்பதுதான். அது நடந்தபோது உனக்குப் பிறந்து நாலு மாசம். ஏழாம் வகுப்பில் மார்க் குறைந்தவர்களைத் தையல் பிரிவுக்கு மாற்றுகிற சட்டம் ஒன்று அன்றைக்கும் இருந்தது. பரீட்சை வாரம் முழுக்க எனக்கு அம்மை போட்டிருந்தது. பெற்றோர் சம்மதித்தால் மட்டும் மாற்றலாம் என்று அந்தச் சட்டத்திலும் தெளிவாகத்தான் இருந்தது. என் படிவத்தில் அப்பாவின் கையெழுத்து இருந்தது. அப்பா அந்தப் பள்ளிக்கூட வாசலை மிதித்ததே இல்லை. கட்டு கட்டாகப் படிவம் முடிக்க வேண்டியிருந்த யாரோ ஒரு குமாஸ்தா, எல்லோருக்கும் போடுகிற மாதிரி எனக்கும் போட்டிருக்கிறார். கெட்ட எண்ணமெல்லாம் இருந்திருக்காது. அவசரம்.

ஆறு மாசம் தைத்தேன். அப்புறம் பள்ளிக்கூடத்தையே விட்டுவிட்டேன். இங்கே வேலைக்குச் சேர்ந்த பிறகு, நீராவி மெஷினோடு வந்த ஆங்கிலப் புத்தகத்தை அகராதி வைத்துக்கொண்டு படிக்க எனக்கு ஒன்றே கால் வருஷம் ஆனது. உன்னிடம் இதைச் சொன்னதில்லை. சொல்லி அழுகிற பழக்கம் எனக்கில்லை. இப்போதும் அழுவதற்காகச் சொல்லவில்லை. நீ கேட்டாய், அதனால் சொன்னேன்.

பாப்பாவை 22, 23, எந்த நாளானாலும் அனுப்பு. இரண்டு மாலை போதும்.

அக்கா


மே 25

அக்கா,

உன் கடிதம் வந்த அன்றே பதில் எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை. ஏனென்றால் அதற்கு முந்தின நாளே கண்காணிப்பாளரைப் பார்த்துவிட்டேன். நல்ல மனிதர். புதுப் படிவம் எடுத்து எண்பது என்று எழுதி, உன் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் அவர் கையெழுத்துப் போட்டு, சீல் வைத்துக் கொடுத்தார். தேநீர் குடிக்கிற நேரம்தான் ஆனது.

பாப்பாவை உன்னிடம் அனுப்பவேண்டிய தேவை இல்லை என்று நினைத்தேன். அதனால்தான் 22-ம் போயிற்று, 23-ம் போயிற்று.

படிவத்தில் மூன்று கையெழுத்து. வேலையிடம், பள்ளிக்கூடம், மாணவர். மாணவரும் போட வேண்டும் என்று சேர்த்ததும் நான்தான். பிள்ளைகளுக்குப் பொறுப்பு வரட்டும் என்று கூட்டத்தில் பெரிதாகப் பேசியிருந்தேன்.

நேற்று சாப்பாட்டு மேசையில் அவள் முன்னால் வைத்தேன். முதல் பக்கத்தைப் படித்தாள், திருப்பி இரண்டாவதையும் படித்தாள். கையெழுத்தைப் பார்த்தாள். “இவர் யாருப்பா?” என்று கேட்டாள். சொன்னேன். இருபது நாளில் அவரை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை என்றாள். அதில் ஒன்றும் இல்லை, எல்லா இடத்திலும் இப்படித்தான் நடக்கும் என்றேன். பேனாவைக் கையில் எடுத்துக்கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள். மூடியைத் திறக்கவில்லை. அவள் அம்மா என்னென்னவோ சொல்லிப் பார்த்தாள். நான் கத்தினேன். கத்தினேன் என்பதை எழுதிவிடுகிறேன், எப்படியும் உனக்குத் தெரிந்துவிடும். அவள் பேனாவை மேசையில் வைத்துவிட்டு, தட்டை எடுத்துக்கொண்டு கழுவப் போய்விட்டாள்.

அக்கா, இன்று மத்தியானம் ஆபீசில் கதவைச் சாத்திக்கொண்டு அவள் கையெழுத்தைப் பழைய ரெக்கார்டு நோட்டிலிருந்து பார்த்து ஒரு துண்டுத்தாளில் போட்டுப் பார்த்தேன். நன்றாகவே வந்தது. அந்தக் குமாஸ்தாவுக்கும் நன்றாகத்தான் வந்திருக்கும்.

தாளைக் கிழித்துவிட்டேன். படிவத்தை இன்னும் கிழிக்கவில்லை. நாளைக்கு அவளை அனுப்பட்டுமா?

தம்பி


மே 27

தம்பிக்கு,

உன் கடிதம் இன்று காலையில்தான் வந்தது. நாளைக்கு என்று நீ எழுதிய நாள் நேற்றோடு முடிந்துவிட்டது. உனக்குப் போன் செய்யலாமா என்று எடுத்து, வைத்துவிட்டேன். அதற்குள் செய்தியே மாறிவிட்டது.

மெஷினுக்கு வருஷாந்திரச் சோதனை. கம்பெனிக்காரர்கள் ஒரு வாரம் முன்னாலேயே வந்துவிட்டார்கள். இன்று முதல் 31 வரை அறை மூடியிருக்கும். டிரே எல்லாம் பக்கத்து மருத்துவமனைக்குப் போகிறது. எங்களுக்கே உள்ளே வேலை இல்லை.

கண்காணிப்பாளர் ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். போனேன். “என்னம்மா இது, குடும்பத்துக்குள்ள இவ்வளவு பிடிவாதம்?” என்று சிரித்தார். பெண்ணை இரண்டு நாள் வெளி வராந்தாவில் நாற்காலி போட்டு உட்கார வைத்துக்கொள்ளுங்கள், வளாகத்துக்குள் இருந்தால் போதும் என்று விதியிலேயே இருக்கிறதாமே, கணக்கு முடிந்துவிடும் என்றார். உன் விதியை அவர் நன்றாகப் படித்திருக்கிறார்.

நான் மாட்டேன் என்றேன். நாற்காலியில் உட்கார்ந்தால் மணி நேரம் ஓடும், வேலை ஓடாது. அவர் முகம் மாறிவிட்டது. உங்களுக்கு ஓய்வுக்கு இன்னும் எத்தனை மாசம் என்று கேட்டார். சொன்னேன்.

தம்பி, இதையும் கேட்டுக்கொள். அவர் கையெழுத்துப் போட்ட அந்தப் படிவம் உன் ஆபீசில் ஏறினால், எழுபத்திரண்டு மணியையும் நாள்வாரியாக எழுதி வைத்திருக்கிற என் நோட்டை, உன் ஆபீசை மேற்பார்க்கிற குழுவிடம் நானே எடுத்துக்கொண்டு வருவேன். உன் வேலை போகும் என்று தெரியும். தெரிந்துதான் எழுதுகிறேன்.

ஜூன் 1-ஆம் தேதி அறை திறக்கிறது. உன் கடைசித் தேதிக்கு மறுநாள். அதற்கு நான் ஒன்றும் செய்ய முடியாது. 22-ஆம் தேதி அனுப்பியிருக்கலாம்.

அக்கா


ஜூன் 2

தம்பிக்கு,

படிவம் இத்துடன் இருக்கிறது. எண்பது மணி நேரம்.

நேற்று மத்தியானம் இரண்டு மணிக்கு யாரும் கூப்பிடாமல் வந்து நின்றாள். பஸ்ஸில் வந்தேன் என்றாள். இனி இதனால் உனக்குப் பிரயோஜனம் இல்லையே, தேதி முடிந்துவிட்டதே என்றேன். தெரியும் அத்தை என்றாள். கை கழுவப் போனாள். எத்தனை தடவை கழுவினாள் என்று நான் எண்ணவில்லை, நேரத்தை மட்டும் பார்த்துக்கொண்டேன். நேற்று நாலு, இன்று நாலு. இன்று மாலை ஆறு மணிக்கு அவளும் போட்டாள், நானும் போட்டேன்.

இன்று நாலு மணிக்கு நீ கீழே காரோடு நின்றதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அவளும் பார்த்தாள். நீ ஹாரன் அடிக்கவில்லை. ஆறு வரை நின்றாய். மேலே வரச் சொல்லி நான் ஆள் அனுப்பவில்லை.

உன் மேசையில் ஒரு தேதி முத்திரை இருக்கும். என் அறையிலும் ஒன்று இருக்கிறது. சக்கரத்தை விரலால் கொஞ்சம் பின்னால் தள்ளினால் போன மாசம் வந்துவிடும். சத்தம்கூட வராது. நீ என்ன செய்தாய் என்று நான் வந்து பார்க்கப்போவதில்லை. இந்தத் தடவை நோட்டை எடுத்துக்கொண்டு எங்கேயும் வரமாட்டேன். அது உனக்கும் அவளுக்கும் நடுவே.

அக்கா


ஜூன் 5

அக்கா,

தள்ளினேன். மே 31 வரை தள்ளினேன். மையில் ஒற்றிக் கையில் பிடித்துக்கொண்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியவில்லை. உதவியாளர் வந்து, “சார், மை காஞ்சிடுச்சு” என்றார்.

ஜூன் 3 என்று குத்தினேன்.

கல்லூரியிலிருந்து நேற்று போன். இடம் அடுத்த பெயருக்குப் போய்விட்டது. அடுத்த வருஷம் பட்டியலில் வந்தால் பார்க்கலாம் என்றார்கள். கண்காணிப்பாளர் கொடுத்த படிவத்தை நான் கிழிக்கவில்லை. மற்ற நானூற்றுப் பன்னிரண்டோடு சேர்த்து, இவை எல்லாவற்றையும் மறுபடி சரிபார்க்க வேண்டும், என் மகளுக்காக நான் வாங்கிய இதிலிருந்து ஆரம்பியுங்கள் என்று குறிப்பு எழுதிக் குழுவிடம் வைத்தேன். தலைவர் இரண்டு வரி படித்துவிட்டு, கொஞ்ச நாள் லீவு போடுங்கள் என்றார். போட்டிருக்கிறேன்.

பாப்பாவிடம் நானே சொன்னேன். எந்தத் தேதி போட்டீங்க என்று மட்டும் கேட்டாள். சொன்னதும், “சரிப்பா” என்றாள். அவ்வளவுதான். ராத்திரிச் சாப்பாட்டுக்கு வரவில்லை. காலையில் கண் வீங்கியிருந்தது. என்னிடம் கோபமா, உன்னிடம் கோபமா, தெரியவில்லை. நீ ஒரு எண்ணை எழுதியிருந்தால் இன்றைக்கு அவள் கல்லூரிக்குப் பை அடுக்கிக்கொண்டிருப்பாள் என்ற நினைப்பு எனக்கு இன்னும் போகவில்லை. போகாது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

தம்பி


ஜூன் 8

தம்பிக்கு,

போக வேண்டாம். இருக்கட்டும். நான் அதை உன்னிடமிருந்து எடுக்க வரவில்லை.

நான் செய்தது சரி. நாளைக்கு வேறு பிள்ளையின் படிவம் வந்தாலும் இதையேதான் செய்வேன். உன் மகள் நேற்று சாயந்திரம் என் வீட்டுக்கு வந்தாள். வாசலில் நின்றபடியே, கொஞ்ச நாளைக்கு உங்க வீட்டுக்கு வரமாட்டேன் அத்தை, அதைச் சொல்லத்தான் வந்தேன் என்றாள். சரி என்றேன். தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டுப் போனாள். தெருமுனை வரை திரும்பிப் பார்க்கவில்லை.

உள்ளே வந்து உட்கார்ந்தேன். நாலு நாளாக எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இதை உன்னிடம் சொல்வதாக இல்லை. ஆனால் நடந்ததை எழுதாமல் விட எனக்குத் தெரியாது.

அக்கா